முன்பதிவு இல்லாமல் போய் டாட்டூ: கடையில் எதைப் பார்ப்பது, பிறகு எப்படிப் பராமரிப்பது?

புள்ளிமயில் (கேள்வி)

மணிக்கட்டின் உள்பக்கம் தமிழில் ஒரே ஒரு சொல்: "பொறுமை". கறுப்பு மை மட்டும், அகலம் 3 செ.மீ. போதும் என்று நினைக்கிறேன். இதுதான் முதல் டாட்டூ. முன்பதிவு செய்யாமல் நேராகக் கடைக்குப் போய் அன்றைக்கே குத்திக்கொள்வது சரியா? உள்ளே போனதும் எதைக் கவனிக்க வேண்டும்? பிறகு கிளிங் ஃபிலிம் சுற்று, சுற்றாதே, வாசலின் போடு, போடாதே என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாள் கணக்கோடு யாராவது சொன்னால் நல்லது.

ஊசிமுனை

ஒரு சொல், ஒரே நிறம், அரை மணி நேர வேலை. முன்பதிவு இல்லாமல் போவதற்கு ஏற்றது இதுதான். ஆனால் 3 செ.மீ. போதாது.

"பொறுமை" மூன்று எழுத்துதான். இடம் பிடிப்பது ஆறு உரு: கொம்பு, ப, கால், று, இரட்டைச் சுழி, ம. 3 செ.மீ.யை ஆறாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 5 மி.மீ. அதிலும் கொம்பின் சுழிக்குள்ளும் ஐகாரச் சுழிகளுக்குள்ளும் மிஞ்சும் வெற்றிடம் 1 மி.மீ.கூட வராது. தோலுக்குள் போன மை வருடக்கணக்கில் மெல்லப் பரவும், கோடு தடிக்கும். சுழி அடைத்துக்கொண்டால் தூரத்திலிருந்து பார்க்க வெறும் மைப்பொட்டு. 4.5 முதல் 5 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே அடங்காவிட்டால் கையின் நீளவாக்கில் எழுதலாம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து 2 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். மடிப்பின் மேல் விழும் கோடு சீராக ஆறாது.

தமிழ் எழுத்துக்கென்றே ஒரு கண்ணி உண்டு. வடிவமைப்பு மென்பொருள் சில, தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்க்காது. தட்டச்சு செய்து ஒட்டினால் கொம்பு "ப"வுக்குப் பின்னால் போய் நிற்கும், "மை"யின் சுழி "ம"வுக்கு வலப்பக்கம் வந்துவிடும். தமிழ் தெரியாத கலைஞருக்கு அது கண்ணில் படாது. சொல்லைப் படமாகவே கொண்டுபோங்கள். தோலில் ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் பதிக்கும் மாதிரி வரைவு) ஒட்டியதும் எழுத்தெழுத்தாக நீங்களே வாசியுங்கள், கூட வந்தவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டு ஒரு முறை, மடக்கி ஒரு முறை பாருங்கள். கோணலாக இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கு அது அன்றாட வேலை. ஒட்டிய ஸ்டென்சில் 10 நிமிடம் காயட்டும். ஈரத்தோடு தொடங்கினால் முதல் துடைப்பிலேயே பாதி எழுத்து போய்விடும்.

வெள்ளுறை

எழுத்தை அவர் சொல்லிட்டார், நான் சுத்தத்தைச் சொல்றேன்.

ஊசி கார்ட்ரிட்ஜ் (மெஷின்ல மாட்டுற ஊசித் தொகுதி) சீல் வெச்ச பாக்கெட்ல இருக்கணும், அதுல காலாவதி தேதியும் லாட் எண்ணும் அச்சாகியிருக்கணும், உங்க கண் முன்னாடிதான் பிரிக்கணும். நீங்க உட்கார்றதுக்கு முன்னாடியே பிரிச்சு வெச்சிருந்தா வேற ஒண்ணு கேளுங்க. மெஷினும் அதோட வயரும் பிளாஸ்டிக் உறைக்குள்ள இருக்கணும். மையைப் பெரிய பாட்டில்ல இருந்து சின்னக் கிண்ணத்துல ஊத்தணும், மிஞ்சினதைக் கொட்டணும், திரும்ப பாட்டிலுக்குப் போகக் கூடாது. முடி மழிக்கிற ரேசர் புதுசு. கிளவுஸ் போட்ட கையால போனை எடுத்தாங்கன்னா கிளவுஸ் மாத்தணும். பெரும்பாலும் தப்பு நடக்கிறது இந்த இடத்துலதான்.

ஊசி போற எஃகுக் குழாயைத் திரும்பப் பயன்படுத்துற கடைன்னா ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில கிருமி நீக்குற கருவி) இருக்கணும், 121 டிகிரி நீராவியில 15–20 நிமிஷம். நீல வெளிச்சம் எரியிற புற ஊதாப் பெட்டி அதுக்கு ஈடே கிடையாது. எல்லாமே ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுறதுன்னா ஆட்டோகிளேவ் இல்லாட்டியும் பரவாயில்ல.

சாம்பல் நிழல் வேணும்னு அங்க போய் ஆசைப்பட்டா, மையை எதால கலக்குறாங்கன்னு கேளுங்க. குழாய்த் தண்ணி கூடவே கூடாது. காய்ச்சி வடிச்ச தண்ணியும் கிருமி நீக்கின தண்ணியும் ஒண்ணு இல்ல. 2011 கடைசியில அமெரிக்காவுல ராச்செஸ்டர்ல சாம்பல் மை போட்டுக்கிட்ட 19 பேருக்கு மைக்கோபாக்டீரியம்ங்கிற பாக்டீரியாவால தொற்று வந்துச்சு. கடை சுத்தமாத்தான் இருந்துச்சு. தயாரிப்பாளர் மையைக் கலக்கக் காய்ச்சி வடிச்ச தண்ணி பயன்படுத்தியிருந்தார்.

உங்க பக்கம்: ரெண்டு மணி நேரத்துக்குள்ள நல்லா சாப்பிட்டிருக்கணும், இல்லாட்டி பாதியில தலை சுத்தும். முந்தின 24 மணி நேரம் மது வேண்டாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தானா நிறுத்தாம டாக்டரைக் கேக்கணும். தழும்பு தடிச்சு வளர்ற உடம்பு, சர்க்கரை, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, கர்ப்பம் இதுல எதுவா இருந்தாலும் அன்னிக்கே குத்திக்கிற வேலை வேண்டாம். வெயில்ல கன்றின தோல்லயும் குத்த மாட்டாங்க.

ஆறியதோல்

பராமரிப்பில் இரண்டு வழி உண்டு. இரண்டையும் கலக்காதீர்கள், குழப்பமே அதனால்தான்.

முதல் வழி, திறந்த முறை. கடையில் சுற்றிய கிளிங் ஃபிலிமை 2–4 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அது காற்றுப் புகாத சமையலறைத் தாள். இரவு முழுக்க வைத்தால் உள்ளே ஊறித் தோல் வெளுத்துப்போகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான நீரும் வாசனையில்லாத திரவ சோப்பும் கொண்டு விரல் நுனியால் டாட்டூவைக் கழுவுங்கள். வழவழப்பு போகும்வரை கழுவ வேண்டும். அது நிணநீர், காய்ந்தால் தடித்த பொருக்காகும், பொருக்கு பிய்ந்தால் மையும் கூடவே போகும். துண்டு வேண்டாம், காகிதத் துவாலையால் ஒற்றி எடுங்கள். 10 நிமிடம் காயவிட்டு, இந்த அளவு டாட்டூவுக்கு அரைப் பட்டாணி அளவு களிம்பு. பூசியபின் தோல் மினுங்கினால் அதிகம், ஒற்றி எடுத்துவிடுங்கள். நாளுக்கு 2 அல்லது 3 முறை. மூன்றாம் நான்காம் நாள் உரியத் தொடங்கியதும் களிம்பை நிறுத்தி வாசனையில்லாத லோஷனுக்கு மாறலாம்.

வாசலின் நஞ்சல்ல; தடித்துப் பூசுவதுதான் சிக்கல், காயம் நமத்துப்போய்ப் பொருக்கு இளகிவிடும். நியோமைசின் கலந்த ஆன்டிபயாடிக் களிம்பு தேவையில்லை, பலருக்கு அதுவே ஒவ்வாமை தருகிறது.

இரண்டாம் வழி, பாலியூரிதேன் ஒட்டுப்படலம்: டாட்டூவின் மேல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். முதல் படலம் 24 மணி நேரம், பிறகு கழுவி நன்றாகக் காயவைத்து இரண்டாவது படலம் 3–5 நாள். படலம் ஒட்டியிருக்கும்வரை களிம்பு எதுவும் கிடையாது. கழற்றும்போது வெந்நீர்க் குளியலில், தோலோடு ஒட்டிய திசையில் நீட்டி இழுங்கள். மேல்நோக்கிப் பிய்த்தால் தோலும் வரும்.

புள்ளிமயில்

மிக்க நன்றி. அளவை 5 செ.மீ. ஆக்கிவிட்டேன். ஒட்டுப்படலம்தான் வசதியாகத் தெரிகிறது. உள்ளே கறுப்புத் தண்ணீர் தேங்கும் என்கிறார்களே, அது பயப்பட வேண்டியதா? இன்னொன்று, நாள் முழுக்க விசைப்பலகை வேலை. மணிக்கட்டு மேசையில் உரசும்.

ஆறியதோல்

தேங்குவது நிணநீரும் மிஞ்சிய மையும்தான். முதல் நாள் இயல்பு. விளிம்பு வழியாகக் கசிந்துவிட்டால் அன்றே மாற்றுங்கள். கசிகிற வழியில் கிருமி உள்ளேயும் போகும். படலத்தின் சதுர வடிவிலேயே தோல் சிவந்து அரித்தால் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். எடுத்துவிட்டுத் திறந்த முறைக்கு வந்துவிடுங்கள்.

மேசை உரசலுக்கு, மணிக்கட்டுத் தாங்கியை இரண்டு வாரம் எடுத்துவைத்துவிடுவது எளிது. கடிகாரம், வளையல் எல்லாம் மற்றக் கைக்கு.

வெள்ளுறை

படலத்தைப் பத்தி ஒரு மாற்றுக் கருத்து. மணிக்கட்டு ஓயாம மடங்குற இடம், ரெண்டாவது படலம் பெரும்பாலும் ஓரம் கிளம்பிடும். முதல் 24 மணி நேரம் படலம், அப்புறம் திறந்த முறை, அதுதான் இந்த இடத்துக்குச் சரி. கலக்கக் கூடாதுன்னு அவர் சொன்னது ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யறதைத்தான்.

குளிக்கலாம், ஊற வைக்கக் கூடாது. நீச்சல்குளம், கடல், ஆறு எதுவும் 3 வாரத்துக்கு வேண்டாம். ஆறுற வரைக்கும் சன்ஸ்கிரீன் பூசாம முழுக்கைச் சட்டை, ஆறினப்புறம் எஸ்பிஎஃப் 30க்கு மேல. அரிச்சா உள்ளங்கையால தட்டுங்க, நகம் படக் கூடாது.

சிவப்பும் வீக்கமும் ரெண்டு மூணு நாள்ல குறையணும். அதுக்கப்புறம் சிவப்பு வெளிப்பக்கமா பரவினாலோ, வலி கூடினாலோ, சீழ், காய்ச்சல், கை மேல ஏறுற சிவப்புக் கோடு எது இருந்தாலும் கடைக்கு இல்ல, டாக்டர்கிட்ட போங்க.

ஊசிமுனை

உரிந்து முடிந்தபின் 3–4 வாரத்துக்கு எழுத்து மங்கலாக, பால் படிந்ததுபோல் தெரியும். மேலே வளரும் புதுத்தோல் இன்னும் தெளியவில்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்து உடனே திருத்தம் கேட்டு ஓடாதீர்கள். 6 வாரம் கழித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கோட்டில் விட்டுப்போன இடம் இருந்தால் ஊசி ஆழம் போதவில்லை, அல்லது பொருக்கோடு போயிருக்கிறது. மறுபடி குத்தி நிரப்பலாம். கோட்டைச் சுற்றி நீலநிழல் படர்ந்திருந்தால் ஊசி ஆழமாக இறங்கி மை கொழுப்படுக்கில் பரவியிருக்கிறது, மணிக்கட்டின் மெல்லிய தோலில் இது நடக்கும். மறுபடி குத்தினால் அது மறையாது. ஆனால் முதல் வாரத்தில் தெரியும் நீலம் வெறும் கன்றலாகவும் இருக்கலாம், இரண்டு வாரத்தில் தானாகக் கலைந்துவிடும்.