காய்ச்சல் நேரத்தில் பார்த்ததில் இன்னும் மனசை விட்டுப் போகாதது எது?

இரவுப்பணி செவிலி

டிராப்ஸை சிரப்னு நினைச்சுக் கொடுத்த ஒரு அம்மா. குழந்தை 8 கிலோ. "ரெண்டும் பாராசிட்டமால்தானே சிஸ்டர், 5 மில்லிதான் கொடுத்தேன்"னு அளவு மூடியை நீட்டினாங்க. அடியில ஆரஞ்சு நிறத்துல ஒரு துளி ஒட்டிக்கிட்டு இருந்தது, அதுதான் கண்ணுலயே நிக்குது. அந்த சிரப்ல 5 மில்லிக்கு 125 மி.கி. டிராப்ஸ்ல ஒரு மில்லிக்கே 100. ஆக உள்ளே போனது 500 மி.கி., அந்த எடைக்கு ஒரு வேளைக்கு 120 தாண்டக் கூடாது. ஒரு வேளையோட வந்துட்டாங்க. நாலு வேளையும் இப்படியே போயிருந்தா ஒரே நாள்ல கிலோவுக்கு 250 மி.கி. ஆகியிருக்கும், கல்லீரலுக்கே ஆபத்து.

மருந்தாளுநர்

பெரியவங்களும் இதே கதைதான். ஒருத்தர் மூணு அட்டை வச்சிருந்தார்: காய்ச்சலுக்கு 650, உடம்பு வலிக்கு ஒண்ணு, சளிக்கு ஒண்ணு. திருப்பிப் பார்த்தா மூணுலயும் பாராசிட்டமால். 650, 500, 325, வேளைக்கு 1475 மி.கி. மூணு வேளைக்கு 4425. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4000தான்.

யாரும் கேட்கலைன்னாலும் சொல்லிடறேன். குழந்தைக்கு வயசை வச்சு இல்ல, எடையை வச்சுக் கணக்குப் போடுங்க: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்துல நாலு வேளைக்கு மேல வேண்டாம். பாட்டிலை நல்லாக் குலுக்குங்க, மருந்து அடியில தங்கினா முதல் வேளை நீர்த்தும் கடைசி வேளை கெட்டியாவும் போகும். வீட்டு ஸ்பூன் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, ஊசியில்லாத சிரிஞ்சுல அளங்க. கொடுத்த நேரத்தை எழுதி வைங்க, அப்பா கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாமப் போறதுதான் அடிக்கடி நடக்குது. 16 வயசுக்குள்ள ஆஸ்பிரின் கூடவே கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தா இபுப்ரோஃபெனும் வேண்டாம், ரத்தக்கசிவு அதிகமாகும்.

குழந்தை நல மருத்துவர்

அளவு சரி சார். ஆனா நேரம் தவறாமக் கொடுத்தா வலிப்பு வராதுன்னு நம்பிக்கிட்டு இருக்காங்களே, அது தப்பு. மருந்து குழந்தையோட அவதியைத்தான் குறைக்கும். வலிப்பு வந்த பையனோட வாயில கரண்டியைத் திணிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. வலிப்பு வழியிலேயே நின்னுடுச்சு, உடைஞ்ச முன்பல்தான் மிச்சம். வாயில எதையும் வைக்காதீங்க. இடப்பக்கமாப் படுக்க வச்சு கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்.

நாலு பேருக்குத் தாய்

ஐஸ் தண்ணில துணி நனைச்சுப் போட்டா உடனே இறங்கிடுமே? எங்க வீட்ல எல்லாருக்கும் அதுதான்.

குழந்தை நல மருத்துவர்

வேண்டாம்மா. காய்ச்சல்ல மூளையே உடம்போட வெப்ப அளவை உயர்த்தி வைக்குது. தோலைக் குளிர வச்சா ரத்தக்குழாய் சுருங்கி நடுக்கம் எடுக்கும், அந்த நடுக்கமே சூட்டை ஏத்தும். கை கால் சில்லுன்னு, நெஞ்சு கொதிக்குதுன்னா சூடு இன்னும் ஏறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். வெயில்ல மயங்கி விழுந்து 40 டிகிரி செல்சியஸ் (104 ஃபாரன்ஹீட்) தாண்டினவங்க கதை வேற. அங்கே பாராசிட்டமால் வேலை செய்யாது, குளிர்ந்த தண்ணிதான் உடனடி வைத்தியம்.

ரத்தப் பரிசோதனைக் கூடம்

டெங்குல அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டதும் "சரியாயிடுச்சு, எதுக்கு டெஸ்ட்"னு கிளம்பின பையன். அன்னிக்கு சாயங்காலமே கடும் வயித்து வலியோட வந்தான், பிளேட்லெட் சரிஞ்சு, ஹெமடோக்ரிட் (ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு, நீர் கசிஞ்சா ஏறும்) எகிறி இருந்தது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியறது பெரும்பாலும் காய்ச்சல் இறங்குற அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான். விடாத வாந்தி, வயித்து வலி, ஈறுல ரத்தம், சோர்ந்து சுருண்டு படுக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் தெர்மாமீட்டரைப் பார்த்து ஏமாறாதீங்க.

இரவுப்பணி செவிலி

மருந்தாளுநர் சார் கணக்கு பச்சைக் குழந்தைக்குப் பொருந்தாது. மூணு மாசம் ஆகாத குழந்தைக்கு 100.4 ஃபாரன்ஹீட் வந்தா வீட்ல எந்த மருந்தும் கொடுத்துப் பார்க்காதீங்க, சிரிச்சு விளையாடினாலும் நேரா ஆஸ்பத்திரிதான்.