"நீங்கள் சொன்னால் செய்யிறதுதானே, அண்ணை"

கரையோரத்தான்

சீருடையில் இருந்துவிட்டுத் தொழிற்சாலையில் பொறுப்புக்கு வந்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

1998 இல், 19 வயதில், இயக்கத்துக்குப் போனேன். 2009 மே வரை இருந்தேன். பெரும்பாலும் வாகனமும் படகு மெசினும் திருத்துகிற பகுதி. கடைசி நான்கு வருடம் 22 பேருக்குப் பொறுப்பு. பிறகு புனர்வாழ்வு முகாம், முதலில் வவுனியா, அப்புறம் வெலிக்கந்தை. 2011 இல் வீட்டுக்கு வந்தபோது கையில் இருந்தவை புனர்வாழ்வுச் சான்றிதழும், அங்கே வெல்டிங் படித்ததற்கான ஒரு கடதாசியும்தான்.

வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது 'முன் அனுபவம்' என்ற இடத்தில் என் பேனா நின்றுவிடும். 11 வருடத்தை எப்படி எழுதுவது? வெறுமையாக விட்டால் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். எழுதினால் கேட்கவே மாட்டார்கள், படிவத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். ஒரு இடத்தில் நேர்முகத்துக்கு வரச்சொல்லிவிட்டு, சான்றிதழைப் பார்த்ததும் "பிறகு அறிவிக்கிறம்" என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என்னை வைத்திருந்தால் விசாரிக்க ஆள் வரும் என்ற பயம் அந்த நாளில் எல்லோருக்கும் இருந்தது.

கடைசியில் எடுத்தது ஒரு பைபர் வள்ளப் பட்டறை. காரைநகரில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் என்ற வள்ளம் கட்டும் தொழிற்சாலையில் வேலை பழகிய கைகள் எங்கள் கரையில் இன்னும் உண்டு. எங்கள் முதலாளியும் அப்படி ஒருவர். அவர் படிவத்தைப் பார்க்கவில்லை.

"என்ன செய்தனீர்?"

"மெசின் திருத்தினனான், ஐயா."

"வேலை தாறன். ஆனால் கூட்டித் துடைக்கிறதிலயிருந்து தொடங்கவேணும். சம்மதமோ?"

சம்மதித்தேன். அச்சுக்கு மெழுகு பூசுவது, கண்ணாடி இழை மேட் வெட்டுவது, றோலர் கழுவுவது என்று இரண்டரை வருடம். அதற்குப் பிறகு உற்பத்திக்குப் பொறுப்பாக விட்டார். அப்போது 17 பேர், இப்போது 31 பேர்.

பொறுப்பு வந்ததும் எனக்குத் தெரிந்த மாதிரியே நடத்தினேன். காலை ஏழரைக்கு எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும். சாமான் எடுத்த இடத்திலேயே திரும்ப இருக்கவேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஆறு மாதத்தில் பட்டறை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முதலாளிக்கும் திருப்தி. எனக்கு இது கைவந்த வேலை என்று நினைத்தேன்.

ஒரு பங்குனி மாதம், நல்ல வெயில். 18 அடி வள்ளம் ஒன்றை அச்சில் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரெசினோடு ஹாட்னர் கலந்தால்தான் அது இறுகும். வழக்கமாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை கலப்பார்கள். வெயில் ஏறினால் குறைக்கவேண்டும். குறைக்காவிட்டால் றோலரால் காற்றுக்குமிழை வெளியே தள்ளி முடிக்குமுன் ரெசின் கட்டிவிடும். மேல் மெழுமெழு என்று அழகாக இருக்கும், உள்ளே ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் இடையில் காற்று நிற்கும்.

அன்று நான் காலையில் சொன்ன அளவு, பிற்பகல் இரண்டு மணிக்கும் அதே அளவாகவே போனது. வள்ளம் போனது. இரண்டு மாதத்தில் வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி திருப்பிக் கொண்டுவந்தார். அடிப்பக்கம், ஏராவுக்கு, அதாவது வள்ளத்தின் அடி முதுகுக்கு, பக்கத்தில் வெடிப்பு. கடலில் நான்கு பேர் இருந்திருக்கிறார்கள், தண்ணீர் ஏறத் தொடங்கியதும் இறைத்து இறைத்தே கரை சேர்ந்திருக்கிறார்கள். அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, இதில என்ர மகனும் போனவன்" என்று மட்டும் சொன்னார்.

சின்னச் சுத்தியலால் அடியைத் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், காற்று நிற்கும் இடத்தில் பொத்தென்று கேட்கும். ஒரு முழ நீளத்துக்குப் பொத்தென்றுதான் கேட்டது. அன்று கலவை போட்ட பெடியனைக் கூப்பிட்டேன். அவனுக்கு 20 வயது.

"வாளி சுட்டது தெரியேல்லையோ?"

"தெரியும், அண்ணை. புகையும் வந்தது."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொன்னால் செய்யிறதுதானே, அண்ணை."

அவன் அதை மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு நெஞ்சில் விழுந்தது. அந்தப் பட்டறையில் 17 சோடி கண்கள் இருந்தன, நான் ஒரு சோடியை மட்டும் வைத்து வேலை நடத்தியிருக்கிறேன்.

அந்த வள்ளத்தின் அடியை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். அதன்பிறகு காலை வரிசையை நிறுத்திவிட்டு, அச்சைச் சுற்றி இருந்து பத்து நிமிடம் கதைக்கத் தொடங்கினோம். முதலில் கதைப்பவர் ஆகப் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவர். கடைசியாக நான். சுவரில் ஒரு வெப்பமானி, பக்கத்தில் ஹாட்னர் அளவு எழுதிய பலகை. வெயில் நேரத்தில் 2 கிலோ ரெசினுக்கு மேல் ஒரே வாளியில் கலப்பதில்லை, ஹாட்னர் 20 மில்லிலீற்றர். கலவை சரியில்லை என்று நினைத்தால் யாரும் நிறுத்தலாம், காரணம் பிறகு சொல்லலாம். முதல் ஒரு மாதம் யாரும் நிறுத்தவில்லை. வாய் திறந்தால் பேச்சு விழும் என்று பழகிய ஆட்களுக்கு, நான் ஒரு நாள் சொன்னவுடனே நம்பிக்கை வருமா? முதன்முதலாக ஒருவர் நிறுத்தியபோது கலவையில் பிழையே இருக்கவில்லை. ஒரு வாளி ரெசின் வீண். அன்று நான் முகத்தைச் சுழிக்காமல் நின்றதுதான் இந்த வேலையில் நான் செய்த கடினமான காரியம்.

விசாரிக்க வருவது இன்னமும் முழுதாக நிற்கவில்லை. அதைப்பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

கிளிநொச்சித் தங்கை

அண்ணா, நான் ஆடைத் தொழிற்சாலையில் தையல் லைனில் ஆறு வருடம் இருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் அக்காவும் போராளியாக இருந்தவர். அவர் கத்தி நான் பார்த்ததேயில்லை. டார்கெட் பிந்தினால் மெசினில் தானே குந்தி, இரண்டு துண்டு தைத்துப் பார்த்துவிட்டு, "ஊசி பிழை, பிள்ளையில் பிழையில்லை" என்பார். அவருக்கு ஒரு கால் செயற்கைக் கால். மாலையில் நாங்கள் பஸ்ஸில் இடம் பிடித்து வைப்போம், அவர் வரமாட்டார், கடைசிப் பிள்ளை ஏறும்வரை வாசலில் நிற்பார். நீங்கள் எழுதியதைப் பார்த்தபிறகுதான் யோசிக்கிறேன், எல்லோரும் ஒரே மாதிரி வெளியே வரவில்லை. சிலருக்குக் கட்டளை இடும் பழக்கம் மிஞ்சியது, சிலருக்கு ஆட்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் மிஞ்சியது.

கொக்குவில் வாத்தியார்

தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஆட்கள் படைக்குப் போனார்கள், தொழிற்சாலைக்குப் புதிய கைகள் வந்தன. அவர்களை விரைவாகப் பழக்க 1940 இல் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கி 1945 வரை நடத்தினார்கள். வேலை பழக்க நான்கு படி: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகு தொடர்ந்து கவனி. வேலையாள் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அதன் அடிப்படை. போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவும் எடுத்துக்கொண்டது. யார் கண்டாலும் உற்பத்தியை நிறுத்தலாம் என்ற முறையும் டொயோட்டாவில் உண்டு. தம்பி அதை ஒரு வெடித்த வள்ளத்திலிருந்து தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் பெடியளுக்கு இதைப் பாடமாகச் சொல்ல உங்கள் அனுமதி வேண்டும். அதோடு, அந்தக் கலவை போட்ட பெடியன் இப்போது எங்கே?

கரையோரத்தான்

தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா. அந்த நான்கு படியையும் எழுதிப் பலகையில் ஒட்டப்போகிறேன். நான் மெசின் பழகியது ஏறக்குறைய அப்படித்தான், பொறுப்பு வந்தபிறகு மூன்றாவது படியை மறந்துவிட்டேன்.

அவன் எங்களோடுதான் இருக்கிறான். இரண்டாவது அச்சுக்கு அவன்தான் பொறுப்பு, ஆறு பேர் அவனுக்குக் கீழே. போன கிழமை நான் புது ரெசின் ஒன்றை நேரே பாவிப்போம் என்றேன். "அண்ணை, முதல் ஒரு சின்னத் துண்டில போட்டுப் பாப்பம்" என்றான். போட்டுப் பார்த்தோம். நாளை காலை அந்தத் துண்டை உடைத்துப் பார்க்கவேண்டும்.