நாணயம் சேர்ப்பது ஆசைக்கா, முதலீட்டுக்கா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். பதினைந்து வருடமாகப் பழைய நாணயங்கள் சேர்க்கிறேன். தேய்ந்த எழுத்தை லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் படித்து, எந்த ஆட்சிக் காலத்தது என்று கண்டுபிடிக்கும் அந்த நிமிடத்துக்காகவே சேர்த்தேன். இப்போது வீட்டில், "இவ்வளவு பணம் போடுகிறாய், முதலீடாக யோசித்து வாங்கேன்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்குப் புரிந்தவரை இரண்டும் வேறு வேறு கணக்கு. 1967 முதல் தென்னாப்பிரிக்கா வெளியிடும் க்ரூகராண்ட் போன்ற தங்க நாணயங்களின் விலை பெரும்பாலும் தங்க விலையோடு ஏறி இறங்கும். அரிய நாணயம் அப்படியில்லை. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, என்ன நிலையில் இருக்கிறது, தேடுபவர்கள் எத்தனை பேர் என்பதுதான் விலை. நிலை எவ்வளவு முக்கியம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வெள்ளி நாணயத்தின் கருமையைப் போக்கத் தேய்த்தேன். பளபளத்தது, ஆனால் லென்ஸில் பார்த்தால் முடி முடியாகக் கீறல்கள். அதன் மதிப்பு அதோடு போயிற்று. இன்றும் மனசு கேட்கவில்லை.

சரி, என் சந்தேகங்கள் இவை. நாணயத்தின் நிலையைப் பார்த்து 70 வரை மதிப்பெண் போடும் தர மதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டி அனுப்புவது எந்த மாதிரி நாணயத்துக்குக் கட்டுப்படியாகும்? விற்கும்போது வியாபாரியின் லாபம் போக உங்களுக்கு உண்மையில் ஏதாவது மிஞ்சியதா? அப்புறம், ஆசைக்கு வாங்குவதையும் முதலீட்டுக்கு வாங்குவதையும் தனித்தனியாக எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? நஷ்டப்பட்ட அனுபவம் இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள், எனக்கு அதுதான் அதிகம் உதவும்.