மாரத்தானா, முழுநீள டிரையத்லானா: எதை முதலில் எடுப்பது?

நெடுவழி:
அரை மாரத்தான் ஓடிப் பழகிவிட்டேன். அடுத்த இலக்கு எது என்பதில்தான் குழப்பம். ஒரு பக்கம் 42.195 கிமீ மாரத்தான். இன்னொரு பக்கம் 3.8 கிமீ நீச்சல், 180 கிமீ சைக்கிள், கடைசியில் ஒரு முழு மாரத்தான் என்று போகும் டிரையத்லான். நீச்சல் சுமாராக வரும், சைக்கிள் ரொம்பப் பிடிக்கும். கூட ஓடுகிறவர், "நேராக டிரையத்லானுக்கே பயிற்சி எடு, மாரத்தான் அதற்குள் அடக்கம்" என்கிறார். சரிதானா? இரண்டையும் முடித்தவர்கள் சொல்லுங்கள்.

அலைமேடு:
இரண்டையும் முடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அடக்கம் இல்லை. தூரம் ஒன்றுதான், ஓட்டம் வேறு.

தனி மாரத்தானில் எடுத்த வேகத்தைக் கடைசிவரை கால் தாங்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். மூச்சு வாங்கவில்லையே என்று நாம் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவோம், ஒருநாள் கணுக்காலுக்கு மேலே எலும்போரம் சுருக்கென்று வலிக்கும். பல பயிற்சித் திட்டங்களில் நீண்ட ஓட்டம் 32, 35 கிமீயோடு நிற்பது இதனால்தான்.

டிரையத்லானில் வேகம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. சாப்பாடுதான் பெரிய விஷயம். உடல் எரிபொருளாகச் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஏறக்குறைய 2,000 கலோரிதான். மாரத்தானில் அது 30 கிமீ தாண்டித் தீரும், பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பேற்றலாம். இங்கே சைக்கிளிலேயே தீர்ந்துவிடும், அப்புறம் முழு ஓட்டமும் பாக்கி. அதனால் சைக்கிளில் இருக்கும்போதே மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடும்போது வயிறு குலுங்கும், அப்போது சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது. வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சண்டை போட்டுச் சொல்வது இதைத்தான்.

1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் இந்த முழுநீள டிரையத்லான் தொடங்கியபோது, அங்கே ஏற்கெனவே தனித்தனியாக இருந்த மூன்று போட்டிகளைத்தான் ஒரே நாளில் ஒட்டவைத்தார்கள். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். ஒரு மனித உடம்புக்கு இவ்வளவு போதும் என்று யாரும் அளந்துவைத்த தூரம் இல்லை இது.

என் யோசனை: முதலில் மாரத்தான். தனியாக 42 கிமீ ஓடினால் கால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீச்சலை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது விட்டால் திரும்ப வர நாளாகும்.

பெடல்மிதி:
அலைமேடு சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு இல்லை. அடிக்கடி கால் வலிக்கிறவர்களுக்கு டிரையத்லான் பயிற்சிதான் நல்லது, உழைப்பில் பெரும்பங்கை சைக்கிள் வாங்கிக்கொள்ளும். 1.9, 90, 21.1 கிமீ என்று பாதித் தூரப் போட்டியும் இருக்கிறது, நெடுவழிக்கு அதுவே சரியான அடுத்த படி. ஆனால் நேரக் கணக்கைப் பாருங்கள். மாரத்தானுக்கு வாரம் ஆறேழு மணி நேரம் ஒதுக்கினால் ஒப்பேற்றலாம். முழுநீளத்துக்குக் கடைசி மாதங்களில் பத்து, பதினைந்து மணி நேரம் போகும். வீட்டில் பேசிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நெடுவழி:
இருவருக்கும் நன்றி. கால் வலி இதுவரை இல்லை, அதனால் மாரத்தான் பக்கம் சாய்கிறேன். சைக்கிள் ஓட்டி இறங்கியதும் ஓடும் பயிற்சியை இப்போதே ஆரம்பிக்கலாமா?

அலைமேடு:
தாராளமாக, ஆனால் சின்னதாக. சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு ஷூ மாற்றி உடனே கிளம்புங்கள், பதினைந்து நிமிடம் போதும். தொடை கனக்கும், இடுப்பு நிமிர மறுக்கும். சைக்கிள் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஓட்டம் ஆமை வேகமாகத் தெரியும். வாட்சைப் பார்த்தால் வழக்கத்தைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். முதல் கிலோமீட்டர் முழுக்க வாட்சை மட்டும் நம்புங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் இது வேண்டாம்.

பெடல்மிதி:
இதில் மட்டும் அலைமேடு கட்சிதான் நானும். ஷூவுக்கு இழுத்தால் இறுகும் எலாஸ்டிக் கயிறு போட்டுவிடுங்கள், குனிந்து முடிச்சுப் போடும்போதுதான் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.