ஸ்கூலில் ஹியூமனிசம் பேசப் போன அனுபவங்கள்: மனதை விட்டுப் போகாததை எழுதுங்கள்

தேம்ஸ்கரை

தெற்கு லண்டனில் ஒரு பிரைமரி ஸ்கூல், இயர் 6 (பத்து பதினொரு வயதுப் பிள்ளைகள்), ஆர்.ஈ. என்ற மதக் கல்விப் பாட நேரம். டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை, பயிற்சி, ரிசெப்ஷனில் கையெழுத்து, கழுத்தில் விசிட்டர் அட்டை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஹியூமனிசம், அதாவது கடவுள் நம்பிக்கை இல்லாமல் நல்லபடி வாழும் மானுடவாதம் பற்றிய பேச்சும் வழக்கமானதுதான். நமக்கு இருப்பது இந்த ஒரு வாழ்க்கை என்று நினைக்கிறோம், நல்லது கெட்டதை யோசித்தும் அடுத்தவர் வலியை உணர்ந்தும் முடிவு செய்கிறோம், அவ்வளவு. கேள்வி நேரத்தில் “உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பரிசு உண்டா?”, “பேய்க்குப் பயப்படுவீர்களா?” என்று போய்க்கொண்டிருந்தது.

பின்வரிசையில் ஒரு சிறுமி. என் பெயரை வைத்துக் கண்டுபிடித்திருப்பாள் போல, தமிழிலேயே கேட்டாள்: “அங்கிள், எங்கட அம்மம்மா செத்துப் போனா. அந்தியேட்டியும் முடிஞ்சுது. அவ இப்ப எங்க?”

(அந்தியேட்டி என்பது ஈழத் தமிழர் இறந்தவருக்குச் செய்யும் சடங்கு.) ஆசிரியைக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நான் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னேன். அவள் கேட்டதை வகுப்புக்குச் சொல்லலாமா என்று முதலில் அவளிடமே கேட்டேன், தலையாட்டினாள். இதைப் பற்றி ஆளுக்கொரு நம்பிக்கை இருக்கிறது, வீட்டில் அம்மாவிடமும் கேட்டுப் பார், இறந்தவர் வேறெங்கோ போவதாக நான் நினைக்கவில்லை, ஆனால் அவர் சொல்லித் தந்ததும் அவர் வைத்த அன்பும் உன்னிடம் இருக்கிறது என்றேன். கவனமாகக் கேட்டாள். ஆனால் தமிழில் கேட்கும்போது இருந்த முகம், நான் ஆங்கிலத்தில் தொடங்கியதும் மாறிவிட்டது. ஆசிரியருக்குப் புரியாத மொழியில் ஒரு பிள்ளையோடு பேசக் கூடாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாளைக்கே மறுபடி நடந்தாலும் அப்படியேதான் செய்வேன். இருந்தும் அந்த முகம் போகவில்லை.

ஈஸ்ட்ஹாம் அம்மா

அண்ணா, நீங்கள் செய்தது சரி. எங்களுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு.

மகள் அப்போது இயர் 4. வந்தவர் எந்த அமைப்பும் பயிற்சி கொடுத்து அனுப்பியவர் இல்லை, ஏதோ தெரிந்தவர் மூலம் வந்தவர். பல மதங்களின் கடவுள் படங்களைத் திரையில் காட்டிக்கொண்டே போய், பிள்ளையார் வந்ததும் “இவர் பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்ததாம். மகளும் சேர்ந்து சிரித்ததாக அவளே சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் விபூதி பூசி விட்டேன். ஸ்கூல் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், நிறுத்தியிருந்த ஒரு காரின் கண்ணாடியில் பார்த்து, கார்டிகன் கையால் அழுத்தித் துடைத்தாள். அழவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. நான் பெரிய பக்தை இல்லை, விரதம்கூட ஒழுங்காகப் பிடிப்பதில்லை. ஆனாலும் அது என்னை உலுக்கிவிட்டது.

ஆர்.ஈ. பாடத்திலிருந்தே எடுத்துவிடலாம், பெற்றோருக்கு அந்த உரிமை இருக்கிறது என்று கணவர் சொன்னார். நான் விடவில்லை. சாமி கும்பிடாதவர்களைப் பற்றியும் அவள் படிக்க வேண்டும். என் அப்பாவே கோயில் வாசலை மிதிக்காதவர்தான், அவரை விட நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை.

வைகைக்கரை

ஒரு கேலிக்கு இவ்வளவு வருத்தமா, அக்கா? தமிழ்நாட்டில் பெரியார் சிலைகளின் பீடத்தில் “கடவுள் இல்லை” என்று பட்டவர்த்தனமாகப் பொறித்து வைத்திருக்கிறோம். 1925-ல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் யாரிடமும் அனுமதி கேட்டுப் பேசவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே வந்தால் “நான் நினைக்கிறேன்”, “பல மானுடவாதிகள் கருதுகிறார்கள்” என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் படிக்கும் ஒரு சிக்ஸ்த் ஃபார்மில் அப்படித்தான் பேசினேன். கடைசியில் ஒரு பையன் எழுந்து, “நீங்கள் எதையுமே உறுதியாகச் சொல்லவில்லையே, உங்கள் கொள்கையில் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அவன் கேட்டது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

லெஸ்டர் டீச்சர்

வைகைக்கரை, பொதுக்கூட்டத்தில் பிடிக்காதவர் எழுந்து போகலாம். என் வகுப்பில் எழுந்து போனால் நான் டிடென்ஷன் கொடுக்க வேண்டியிருக்கும். போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம் பேசும் முறை வேறாகத்தான் இருக்க வேண்டும். பாதிரியார் வந்தாலும் இமாம் வந்தாலும் இதே விதிதான். ஜெப அட்டைகளை விநியோகித்த ஒரு பாஸ்டரை நானே பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அப்புறம், சிக்ஸ்த் ஃபார்ம் பையன் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லலாமே. “ஆமாம், கடவுள் இல்லை என்று நான் நினைக்கிறேன், காரணம் இதுதான்” என்று சொல்ல எந்த விதி தடுக்கிறது? அவன் நம்புவதை மட்டம் தட்டாமல் இருந்தால் போதும்.

என் அனுபவம் ஒரு பேச்சாளரைப் பற்றியது. இயர் 9 பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவன் மட்டும் நின்றான். அந்தப் பெண்மணியிடம் மெல்லிய குரலில், “எனக்கும் நம்பிக்கை போய்விட்டது, அப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார், உங்கள் ஈமெயில் கொடுப்பீர்களா, யாரிடமும் சொல்லாதீர்கள்” என்றான். அவர் அரை அடி பின்னால் நகர்ந்து, கதவைப் பார்த்தபடி நின்றார். “யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் உனக்கு உதவக்கூடியவர் இதோ இருக்கிறார்” என்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நான் விஷயத்தை சேஃப்கார்டிங் பொறுப்பாளரிடம், அதாவது பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிப்பவரிடம், கொண்டு போனேன். பையன் அன்று அவர் மீது கோபப்பட்டான். அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டு அவர் நின்ற விதத்தை நான் மறக்கவில்லை.

ஓய்வுபெற்றவன்

நான் எங்கள் ஊர் சேக்ரேயில், அதாவது மதக் கல்விக்கான உள்ளூர் ஆலோசனைக் குழுவில், இருந்தவன். என் கதை சிறியது. ஒரு சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஸ்கூலில், தேநீர் தந்துகொண்டே ஹெட் டீச்சர், “எங்கள் மாதிரி பள்ளிகளே இருக்கக் கூடாது என்பவர்கள்தானே நீங்கள்?” என்று கேட்டார். அதைப் பற்றி வெளியே பேசுவோம், வகுப்பில் அது வராது என்றேன். வரவும் இல்லை. அடுத்த வருடமும் கூப்பிட்டார்.

இனி புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில், பிரச்சாரத்தை வகுப்புக்குக் கொண்டு போகாதீர்கள். மானுடவாதிகளின் அமைப்பான ஹியூமனிஸ்ட்ஸ் யூகே, அரசுப் பணத்தில் நடக்கும் மதப் பள்ளிகளையும் கட்டாயக் கூட்டு வழிபாட்டையும் எதிர்ப்பது ஊருக்கே தெரியும். நானும் அதை ஆதரிப்பவன்தான். ஆனால் 1996 கல்விச் சட்டமே ஒருபக்கச் சார்பான அரசியல் கருத்துகளைப் பிள்ளைகளிடம் வளர்ப்பதைத் தடுக்கிறது. மாணவன் கேட்டால், இதில் இரு தரப்பு உண்டு, எங்கள் தரப்பு இது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

போவதற்கு முன் ஆசிரியரிடம் போனில் பேசுங்கள். எந்த வயது, எந்தப் பாடம், சமீபத்தில் வீட்டில் சாவு நடந்த பிள்ளை யாராவது உண்டா என்று கேளுங்கள். தேம்ஸ்கரைக்கு அன்று அந்தத் தகவல் கிடைத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! ஸ்லைடுகளை முன்கூட்டியே அனுப்புங்கள். படம் எடுக்காதீர்கள், உறுப்பினர் படிவமோ துண்டறிக்கையோ கொடுக்காதீர்கள், ஆசிரியர் இல்லாமல் வகுப்பில் நிற்காதீர்கள். அவர் போட்டோகாப்பி எடுக்க வெளியே போனால், நீங்களும் வாசலுக்கு வந்து நில்லுங்கள். மற்ற மதங்களைப் பற்றிக் கேட்டால், அதை அந்த மதத்தவரிடம் கேட்பதே நல்லது என்று சொல்லுங்கள். எனக்கு இந்து மதமும் தெரியும் என்று நம்மவர்கள் சிலர் தொடங்கிவிடுவார்கள், அங்கேதான் வம்பு வரும்.

இந்த வாசல் சும்மா திறக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2015-ல் மூன்று குடும்பங்கள் உயர் நீதிமன்றம் போய்த்தான், ஆர்.ஈ. பாடத்தில் மதமில்லாத உலகப் பார்வைகளை ஒதுக்கியது தவறு என்று தீர்ப்பு வந்தது. கென்ட்டில் ஹியூமனிசம் ஒரு மதம் இல்லை என்று காரணம் சொல்லி ஒருவருக்கு சேக்ரேயில் முழு உறுப்பினர் இடம் மறுத்தது சட்டவிரோதம் என்று 2023-ல்தான் தீர்ப்பானது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதமில்லை என்று எழுதியவர்கள் 37.2 சதவீதம். இத்தனைக்குப் பிறகும் ஒரு ஆள் வகுப்பில் பிள்ளையாரைக் கேலி செய்தால், அந்த ஸ்கூல் அடுத்து வருபவரைக் கூப்பிடாது.

வைகைக்கரை

ஐயா, சட்டம் எல்லாம் சரி. ஆனால் துடைத்தது அந்தப் பிள்ளையின் சொந்த முடிவாகவும் இருக்கலாமே?

ஈஸ்ட்ஹாம் அம்மா

இல்லை தம்பி. அவளே யோசித்து விட்டிருந்தால் என்னிடம் “வேண்டாம் அம்மா” என்று சொல்லியிருப்பாள். ஒளித்துத் துடைத்தாள். சிரித்துவிடுவார்களே என்ற பயம் அது. யோசித்து முடிவு எடுக்கச் சொல்லித் தருவதுதானே ஹியூமனிசம்?

ஐயா, ஒன்று கேட்க வேண்டும். இப்படி நடந்தால் யாரிடம் புகார் கொடுப்பது? நான் அன்று ஆசிரியையிடம் மட்டும் சொன்னேன், அது அப்படியே நின்றுவிட்டது.

ஓய்வுபெற்றவன்

ஹெட் டீச்சருக்கு எழுத்தில் கொடுங்கள், அம்மா. பதில் வராவிட்டால் ஸ்கூல் நிர்வாகக் குழுவான கவர்னர்களுக்கு. அவரை ஒரு அமைப்பு அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நல்ல அமைப்பு என்றால் விசாரிக்கும், தேவைப்பட்டால் அந்த ஆளைத் திரும்ப அனுப்பாது. காலம் கடந்துவிட்டது என்று விடாதீர்கள், இன்னும் அவர் எங்காவது பேசிக்கொண்டிருக்கலாம்.

லெஸ்டர் டீச்சர்

தேம்ஸ்கரை அண்ணா, அடுத்த தடவை அந்தப் பகுதிக்குப் போனால், தமிழ் தெரிந்த டீச்சிங் அசிஸ்டென்ட் இருக்கிறாரா என்று முன்பே கேளுங்கள். லண்டனில் பல ஸ்கூல்களில் இருக்கிறார்கள். அவர் வகுப்பில் இருந்தால் தமிழில் வந்த கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம், யாருக்கும் எதுவும் மறைவாக இருக்காது.

தேம்ஸ்கரை

இது எனக்குத் தோன்றவே இல்லை, டீச்சர். அந்த ஸ்கூலுக்கே இன்று எழுதிக் கேட்கிறேன்.