பெரியப்பாவின் எல்பி அட்டைகளில் மூலை ஏன் வெட்டியிருக்கிறது? (டி.கே. ரெக்கார்ட்ஸ், புளோரிடா)

வெண்பனி_கோவை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பா தவறி எட்டு மாசம் ஆச்சு. சரக்குக் கப்பல்ல இன்ஜினியரா இருந்தவர். போன வாரம் பெரியம்மா வீட்டுப் பரண்ல இருந்து அவரோட டிரங்குப் பெட்டியை இறக்கினோம். யூனிஃபார்ம், பழைய பாஸ்போர்ட், அதுக்கு அடியில பழைய லுங்கியில சுத்தி வெச்ச பதினாலு எல்பி ரெக்கார்டு. அதுல ஆறு ஒரே கம்பெனி. டி.கே. ரெக்கார்ட்ஸ், ஹையாலியா, புளோரிடான்னு போட்டிருக்கு. கேசி அண்ட் த சன்ஷைன் பேண்ட், ஜார்ஜ் மெக்ரே இந்த மாதிரிப் பேருங்க.

எனக்கு ரெண்டு சந்தேகம்.

ஒண்ணு, அந்த ஆறு அட்டையிலயும் மேல் மூலை ஒரே மாதிரி சாய்வா வெட்டியிருக்கு. எலி கடிச்ச மாதிரி தெரியல. மத்த எட்டுல அப்படி இல்ல. ஃப்ரேம் போடுற கடையில கொடுத்தா அதே கலர் அட்டை வெச்சு ஒட்டித் தர்றேங்கறாங்க. ஒட்டலாமா?

ரெண்டாவது, இந்தக் கம்பெனி 1981லயே மூடிட்டாங்கன்னு படிச்சேன். ஆனா இவங்க வெளியிட்ட 'ப்ளீஸ் டோன்ட் கோ' 1980 ஜனவரியில அமெரிக்காவுல முதலிடம். முதலிடத்துல பாட்டு வெச்சிருக்கிற கம்பெனி மறு வருஷமே எப்படிங்க மூடும்?

தாளம்_78:

ரெண்டாவது கேள்விக்கு ஒரு வரி: டி.கே. போட்ட டிஸ்கோங்கற நடனப் பாட்டு வகை மேல ஜனங்களுக்கு வெறுப்பு வந்துடுச்சு. 1979 ஜூலை 12 அன்னிக்கு சிகாகோ காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ ரெக்கார்டுகளைப் பெட்டியில குவிச்சு வெடி வெச்சாங்க. கூட்டம் மைதானத்துக்குள்ள இறங்கி, அன்னிக்கு ரெண்டாவது ஆட்டமே நடக்கல. அதோட டிஸ்கோ கம்பெனிங்க எல்லாம் வரிசையா படுத்துடுச்சு. மூலை வெட்டு பத்தி எனக்குத் தெரியல.

மார்க்கோனி_தூத்துக்குடி:

அம்மா, முதலில் பெரியப்பாவுக்கு என் அஞ்சலி. அட்டையை ஒட்டக் கொடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பதினைந்து வருஷம் கப்பலில் ரேடியோ ஆபீசர். கப்பலில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மார்க்கோனி சாப் என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ்பேட் ஏற்ற புளோரிடாவின் டாம்பா துறைமுகத்துக்கு 1978லும் 1981லும் போயிருக்கிறேன். முதல் தடவை துறைமுகத்துக்கு வெளியே ஒரு ரெக்கார்டு கடையில் டி.கே. எல்பிக்கள் வாசலுக்கு நேரே, கண்ணில் படுகிற உயரத்தில் நின்றன. அட்டையில் போட்ட விலை ஏழு டாலர் 98 சென்ட். என் அலவன்ஸுக்கு அது பெரிய தொகை, ஒன்றே ஒன்று வாங்கினேன். 1981 டிசம்பரில் அதே கடைக்குப் போனால் அதே ரெக்கார்டுகள் பின்கட்டில், தரையில், வாழைப்பழப் பெட்டிக்குள் கிடந்தன. எதை எடுத்தாலும் 99 சென்ட். எல்லாவற்றிலும் மூலை வெட்டு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் புரட்டினேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று மகிழ முடியவில்லை, நெஞ்சு கனத்துப்போனது.

அந்த வெட்டுக்கு அங்கே 'கட்-அவுட்' என்று பேர். நம் ஊரில் பத்திரிகை ஏஜென்ட் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்வார் அல்லவா, அமெரிக்க ரெக்கார்டு வியாபாரமும் அப்படித்தான். கடை விற்காததை விநியோகஸ்தருக்குத் திருப்பும், அவர் கம்பெனிக்குத் திருப்புவார், முழு விலையும் வரவு வைக்கப்படும். இனி தேறாது என்றான சரக்கைக் கம்பெனி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். தள்ளிவிட்டது மறுபடி முழு விலைக்குத் திரும்பி வந்துவிடக் கூடாதே, அதற்காக அடையாளம் செய்வார்கள். மூலையை வெட்டுவார்கள், சிலதில் துளை போடுவார்கள், சிலதில் ரம்பத்தால் ஒரு கீறல்.

டி.கே. எப்படி விழுந்தது என்று கேட்டீர்களே, அந்த மூலையில்தான் இருக்கிறது பதில். தாளம் தம்பி சொன்ன சிகாகோ இரவு நடந்தது உண்மை. ஆனால் ஒரு கம்பெனி வெறுப்பால் மட்டும் சாகாது, கையில் காசு ஓடாதபோதுதான் சாகும்.

டி.கே.யை நடத்திய ஹென்றி ஸ்டோன் அடிப்படையில் ஒரு விநியோகஸ்தர். பிராங்க்ஸில் பிறந்து, ராணுவ பேண்டில் டிரம்பெட் ஊதி, பிறகு மயாமிக்கு வந்து மற்ற கம்பெனிகளின் ரெக்கார்டுகளைக் கடை கடையாகப் போட்டவர். பாடகர் ரே சார்லஸை இளவயதிலேயே பதிவு செய்தவர். ஹையாலியாவில் கீழே கிடங்கு, மாடியில் சின்ன ஸ்டுடியோ. 1971ல் அங்கே உருவான 'க்ளீன் அப் உமன்' பாடியபோது பெட்டி ரைட்டுக்கு 17 வயது. அதில் லிட்டில் பீவர் வாசித்த கிட்டாரை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், இரண்டு பேர் பேசிக்கொள்வது போல இருக்கும். அந்தப் பாட்டை ஊரெல்லாம் கொண்டுபோனது அட்லாண்டிக் என்ற ரெக்கார்டு கம்பெனி.

பிறகு வார்னர், எலெக்ட்ரா, அட்லாண்டிக் மூன்றும் சேர்ந்து சொந்தமாக விநியோகக் கிளைகள் திறந்தன. ஸ்டோன் கையிலிருந்த பெரிய சரக்கு போய்விட்டது. விற்க அடுத்தவன் பண்டம் இல்லையென்றால் நாமே செய்வோம் என்று 1972ல் ஆரம்பித்ததுதான் டி.கே. ஸ்டுடியோவை அமைத்துக் கொடுத்த இன்ஜினியர் டெரி கேனின் முதலெழுத்துகள் அவை.

அந்தக் கிடங்கில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பையன்தான் ஹாரி வேய்ன் கேசி. ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்து இன்ஜினியரானவன் ரிச்சர்ட் ஃபின்ச், அவனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பகலில் மற்றவர்களுக்கு வேலை. இரவில் எல்லாரும் போன பிறகு இந்த இருவருக்கும் ஸ்டுடியோ. பாட்டெழுதும் கிளாரன்ஸ் ரீடின் கல்யாண விருந்தில் பஹாமாஸ்காரர்கள் ஜங்கனூ வாசித்தார்கள், விசிலும் மணியும் ஆட்டுத்தோல் மேளமுமாக. நம் ஊர் உருமி மேளம் கேட்டுக் கால் தானாக ஆடுமே, கேசிக்கு அன்று அப்படி ஆகியிருக்க வேண்டும். அந்தச் சத்தம்தான் பிறகு சன்ஷைன் பேண்ட் ஆனது.

1974ல் இந்த இருவரும் ஒரு டிராக் போட்டார்கள். தானாகத் தாளம் போடும் ரிதம் மெஷின், ஆர்கன், அதன் மேல் கிட்டார். கிட்டார் வாசித்த ஜெரோம் ஸ்மித்துக்குக் கொடுத்த 15 டாலர்தான் மொத்தச் செலவு என்று பிற்பாடு கேசியே சொல்லிவந்தார். பாட்டின் உச்ச ஸ்தாயி கேசிக்கு எட்டவில்லை, ஜார்ஜ் மெக்ரே பாடினார். அதுதான் 'ராக் யுவர் பேபி'. ஜூலையில் அமெரிக்காவிலும் முதலிடம், பிரிட்டனிலும் முதலிடம். பெரியப்பா பெட்டியில் அது இருந்தால் ஹெட்போனில் கேளுங்கள் அம்மா. ரிதம் மெஷின் டிக் டிக் என்று கடிகாரம் போல நடக்கும், அவர் குரல் அதற்குப் பிடிகொடுக்காமல் மேலே மிதந்துகொண்டே இருக்கும். நடுக்கடலில் வாட்ச் டியூட்டி முடிந்து நள்ளிரவில் நான் அதைக் கேட்டிருக்கிறேன். அதைப் போல ஒன்று பிறகு எனக்கு அமையவில்லை.

1975 முதல் 1977க்குள் சன்ஷைன் பேண்டுக்கு மட்டும் நான்கு முதலிடப் பாட்டுகள். ஸ்டோன் எல்லாவற்றையும் ஒரே பேரில் வெளியிடவில்லை. கேட், கிளேட்ஸ், ஆல்ஸ்டன், டேஷ், மார்லின், டிரைவ் என்று ஏகப்பட்ட லேபிள்கள். ஒரே கம்பெனிப் பாட்டையே போடுகிறாய் என்று ரேடியோக்காரரை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

இனி விழுந்த கதை. ஒரு பாட்டு ஹிட்டானால் லட்சக்கணக்கில் அச்சடிக்க வேண்டும். அச்சுக்கூடம் பணத்தை உடனே கேட்கும். ஊர் ஊராக இருக்கும் விநியோகஸ்தர் மாதக்கணக்கில் இழுப்பார். அடுத்த ஹிட் உன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பழைய பாக்கி வரும். அதாவது ஹிட் நிற்கக் கூடாது. 1979ல் அமெரிக்க ரெக்கார்டு வியாபாரம் மொத்தமே சரிந்தது. ஏ அண்ட் எம் போன்ற பெரிய தனிக் கம்பெனி ஆர்சிஏவின் விநியோகத்துக்குப் போய்விட்டது. அந்தச் சரக்கை நம்பியிருந்த உள்ளூர் விநியோகஸ்தர்கள் ஆட்டம் கண்டார்கள். டி.கே.க்குக் காசு வரவேண்டியது அந்த விநியோகஸ்தர்களிடமிருந்துதான்.

அந்த வருஷம் ஜூன் 30 பட்டியலில் முதலிடம் அனிதா வார்டின் 'ரிங் மை பெல்'. ஜுவானா என்ற லேபிளில் வந்தது, ஊருக்குக் கொண்டுபோனது டி.கே. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, சிகாகோவில் வெடி. ரேடியோக்காரர்கள் டிஸ்கோ என்ற வார்த்தையையே தவிர்க்க ஆரம்பித்தார்கள். கடைகள் பயந்துபோய்ச் சரக்கைத் திருப்பின. டி.கே. பெட்டி முழுக்க டிஸ்கோ என்ற ஒரே தானியம், அது விலைபோகாத வருஷத்தில் மாற்று விதை இல்லை. ராக், கன்ட்ரி என்று பத்துத் தொழில் வைத்திருந்த பெரிய கம்பெனிகள் நஷ்டத்தைத் தாங்கின.

கேசியின் 'ப்ளீஸ் டோன்ட் கோ' டிஸ்கோவே இல்லை, மெதுவான காதல் பாட்டு. கேசி தப்பிக்க வழி தேடியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். 1980 ஜனவரியில் ஒரே ஒரு வாரம் முதலிடம். ஒரு பாட்டு முதலிடம் வந்துவிட்டால் திரும்பி வரும் லாரிகள் நின்றுவிடுமா அம்மா?

புளோரிடா_குமார்:

அருமை சார். நான் மயாமி பக்கம் பதினோரு வருஷமா இருக்கேன். ஹையாலியாவுல இப்போ கடையில, பஸ்ல எங்க காது கொடுத்தாலும் ஸ்பானிஷ்தான், பெரும்பாலும் கியூபாவுல இருந்து வந்த குடும்பங்க. டி.கே. காலத்துலயும் அந்தக் காத்து அடிச்சிருக்கு. 1978ல 'கெட் ஆஃப்' பாடின ஃபாக்ஸி குழு கியூப வம்சாவளிப் பசங்கதான். கறுப்பினப் பாடகர்கள், கியூபக்காரங்க, பஹாமாஸ் மேளம், கேசி மாதிரி உள்ளூர் வெள்ளைக்காரப் பையன் எல்லாரும் ஒரே மாடியில. அந்தக் காலத்துத் தென் மாநிலத்துல அது சாதாரண விஷயம் இல்ல. அதனாலதான் சிகாகோவுல வெடிச்ச ரெக்கார்டுகளைப் பத்திப் பேசும்போது எனக்கு வலிக்கும். அன்னிக்கு மைதானத்துல வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ்னு ஒரு கறுப்பினப் பையன் பின்னாடி சொன்னார், ஜனங்க கொண்டுவந்ததுல டிஸ்கோவே இல்லாத கறுப்பினப் பாடகர்களோட ரெக்கார்டுகளும் கிடந்துச்சுன்னு.

தாளம்_78:

மார்க்கோனி ஐயா, திருப்பி வர்ற சரக்கு கணக்கு எனக்குத் தெரியாம இருந்துச்சு. நான் அவசரப்பட்டு எழுதிட்டேன். ஒரு சந்தேகம், அந்தக் கடிகாரச் சத்தம் 'ராக் யுவர் பேபி'லதான் முதல்ல வந்துச்சா?

மார்க்கோனி_தூத்துக்குடி:

இல்லை தம்பி. அதே ஸ்டோன் கம்பெனியில், கிளேட்ஸ் லேபிளில், 1972லேயே டிம்மி தாமஸ் 'ஒய் கான்ட் வி லிவ் டுகெதர்' பாடிவிட்டார். ஒரு ஆர்கன், ஒரு ரிதம் மெஷின், ஒரு குரல், அவ்வளவுதான் மொத்தப் பாட்டும். வியட்நாம் போர் நடந்த காலம், ஏன் நாம் சேர்ந்து வாழக் கூடாது என்று கேட்கிற பாட்டு. 2015ல் டிரேக் என்ற பாடகரின் 'ஹாட்லைன் பிளிங்' கேட்டிருப்பாய், அடியில் ஓடுவது இதே பதிவுதான். என் பேரன் அதைப் போட்டபோது அடுக்களையில் இருந்தேன், கையில் இருந்த தம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

வெண்பனி_கோவை:

மார்க்கோனி ஐயா, படிச்சுட்டு பெரியம்மாவுக்குப் போன் போட்டு முழுசா வாசிச்சுக் காட்டினேன். அவங்க சொன்னாங்க, பெரியப்பா ஒரு தடவை கப்பல்ல இருந்து வந்தப்ப, "அங்க இதையெல்லாம் தரையில போட்டு வெச்சிருந்தான், மனசு கேக்கல, அள்ளிட்டு வந்துட்டேன்"னாராம். வீட்டுல ரெக்கார்டு பிளேயர்கூட அப்போ கிடையாதாம்.

ஆறுல ஒண்ணு ஜார்ஜ் மெக்ரேதான். ஃப்ரேம் கடைக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். மூடின பிறகு அந்தப் பாட்டெல்லாம் யார்கிட்ட போச்சு, கேசி என்ன ஆனார்?

மார்க்கோனி_தூத்துக்குடி:

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேசி எபிக் கம்பெனிக்குப் போனார். 1982ல் பெரிய கார் விபத்து, மாதக்கணக்கில் நடை பழக வேண்டியிருந்தது. 1983ல் 'கிவ் இட் அப்' பிரிட்டனில் முதலிடம். ஸ்டோன் சும்மா இருக்கவில்லை, நியூயார்க்கின் மோரிஸ் லெவியோடு சேர்ந்து சன்னிவியூ என்று இன்னொரு லேபிள் நடத்தினார். 2014ல் 93 வயதில் மயாமியில் காலமானார். டி.கே.யின் பழைய பதிவுகள் கைமாறிக் கைமாறி ரைனோ என்ற நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. ரைனோ இன்று வார்னருக்குச் சொந்தம், 1972ல் ஸ்டோனிடமிருந்து விநியோகத்தை எடுத்துக்கொண்ட அதே வார்னர்.

ரெக்கார்டு நாற்பது வருஷம் லுங்கிக்குள் இருந்திருக்கிறது, உடனே ஊசியை வைத்துவிடாதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் வட்டப் போக்கிலேயே துடையுங்கள், நடுவிலிருக்கும் காகித லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை. நிழலில் நிறுத்திக் காயவைத்து, மெக்ரேயை முதலில் போடுங்கள். பெரியம்மா பக்கத்தில் இருக்கும்போது.