ரோசாவிடம் யாரும் கேட்கவில்லை

சித்தி: தென்னாப்பிரிக்க எழுத்தாளர் நடீன் கார்டிமரின் 'பர்கர்ஸ் டாட்டர்' நாவலை நேற்று ராத்திரி ஒரு வழியாகப் படித்து முடித்தேன். அப்புறம் தூக்கமே வரவில்லை.

கயல்: என்ன கதை சித்தி?

சித்தி: தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஒரு வெள்ளைக்காரக் கம்யூனிஸ்ட் குடும்பம். அந்த வீட்டுப் பெண் ரோசா. ஆரம்பத்தில் அவளுக்கு 14 வயது. அம்மாவைப் பிடித்துப்போய்விட்டார்கள். அம்மாவுக்காக ஒரு மெத்தைப் போர்வையும் வெந்நீர்ப் பையும் எடுத்துக்கொண்டு சிறை வாசலில் நிற்கிறாள். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு தைரியசாலிப் பிள்ளை. அவளுக்கோ மாதவிலக்கு. அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. மனம் முழுக்க அந்த வலிதான்.

கயல்: ஐயோ, அந்த வெந்நீர்ப் பை அவளுக்கே வேண்டியிருந்திருக்கும்.

சித்தி: அந்த இடத்தில் நானும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன் கயல்.

மாமா: அப்பா பாத்திரம் பிராம் ஃபிஷரை வைத்து எழுதியது. ஃபிஷரின் தாத்தா ஆரஞ்சு நதிக் காலனியின் பிரதமர், அப்பா நீதிபதி. அப்படிப்பட்ட ஆப்பிரிக்கானர் வீட்டில், அதாவது டச்சு வழிவந்த வெள்ளையர் வீட்டில் பிறந்து, ரிவோனியா வழக்கில் மண்டேலா தரப்பு வக்கீல்களுக்குத் தலைமை தாங்கியவர். 1966இல் அவருக்கே ஆயுள் தண்டனை. புற்றுநோய் முற்றிய பிறகுதான் சகோதரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1975இல் இறந்தார். சாம்பலைச் சிறைத்துறை கேட்டு வாங்கிக்கொண்டது.

பெரியம்மா: சாம்பலையா? பிள்ளைகளிடம் அதைக்கூடக் கொடுக்கவில்லையா?

மாமா: கொடுக்கவில்லை அக்கா.

சித்தி: ஆனால் அண்ணா, கதை மகளுடையது. கையெழுத்துப் பிரதியை ஃபிஷரின் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம் கார்டிமர். இதுதான் எங்கள் வாழ்க்கை என்றாராம் அந்தப் பெண். 1979இல் புத்தகம் வந்ததும் அங்கே தடை. சில மாதத்தில் நீக்கிவிட்டார்கள். மண்டேலா சிறையிலேயே படித்திருக்கிறார்.

சித்தி: எனக்கு ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. சிறையில் ஒரு இளம் தோழர். அவரைப் பார்க்க ஆள் வேண்டும். ரோசாவுக்கு மோதிரம் போட்டு, நிச்சயமான பெண் என்று சொல்லி வீட்டிலேயே அனுப்புகிறார்கள். காதல் பேச்சு மாதிரி பேசி இயக்கத்துச் செய்தியைச் சொல்லிவிட்டு வரவேண்டும். அவளுக்கோ அவன்மேல் நிஜமாகவே ஆசை.

பெரியம்மா: பெற்ற பெண்ணையா? எவ்வளவு பெரிய போராட்டமாக இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

மாமா: அந்த ஊரில் ஒதுங்கி நிற்க இடம் ஏது அக்கா? ஜோகன்னஸ்பர்க்கில் தம்பி நாயுடு வீட்டை எடுத்துக்கொள். காந்தியோடு சத்தியாகிரகம் செய்து பல தடவை சிறை போனவர். பேரன் இந்திரஸ் ராபன் தீவுச் சிறையில் 10 வருஷம். பேத்தி சாந்தியை 1969இல் பிடித்து, மண்டேலாவின் மனைவி வின்னிக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டார்.

சித்தி: அவர் பெரிய மனுஷி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முடியாது என்று சொன்னது அவரே எடுத்த முடிவு அண்ணா. ரோசாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அதனால்தான் கதையில் அவள் அப்பா சிறையில் இறந்த பிறகு அவள் பிரான்சுக்குப் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. கடல், நண்பர்கள், ஒரு காதல்.

கயல்: அங்கேயே இருந்துவிடுகிறாளா?

சித்தி: இல்லை. அவர்கள் வீட்டில் கூடவே வளர்ந்த கறுப்பினப் பையன் ஒருவன். சின்ன வயதில் இருவரும் ஒரே படுக்கையில் தூங்கியவர்கள். பல வருஷம் கழித்து லண்டனில் பார்க்கிறாள். நடுராத்திரி போன் செய்து கத்துகிறான். உன் அப்பாவை மட்டும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள், சிறையில் செத்த எங்கள் அப்பாக்கள் பெயர் யாருக்குத் தெரியும் என்று. இவளும் பதிலுக்குக் கொடுமையாகப் பேசிவிட்டு, போனை வைத்ததும் வாந்தி எடுக்கிறாள்.

சித்தி: அப்புறம் ஊர் திரும்பிவிடுகிறாள். மருத்துவமனையில் பிசியோதெரபி வேலை. 1976இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவில் மாணவர் எழுச்சி வருகிறது. அடுத்த வருஷம் அவளையே கைது செய்கிறார்கள்.

பெரியம்மா: அவளுக்கு யார் போர்வை கொண்டுபோனார்கள்?

சித்தி: ஃப்ளோரா என்று ஒரு குடும்ப நண்பர் பார்க்க வருகிறார் அக்கா. அம்மாவும் அப்பாவும்தான் இல்லையே.

பெரியம்மா: புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை வரும்போது எடுத்துவா. கயல் வாசிக்கட்டும், நான் கேட்கிறேன்.